தண்ணீர் நிறைந்தால் தெரியும் பிழை

குசினிக் குழாயைத் திருத்த வந்த பிளம்பருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் அதை எந்தக் கையால் பிடிக்கிறார், எத்தனை விரலால் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கைபேசி அடித்தது. பிலோமினா அக்கா. "பிள்ளை, அவர் காலமை நித்திரையிலேயே போயிட்டார்," என்றார். "அழாதை பிள்ளை, கஷ்டப்படாமல் போனவர்," என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். ஆறுதல் சொல்லவேண்டியவள் நான். பிளம்பர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, ஏதும் உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் இடக்கைக்காரர்.

தண்ணீர் குடிக்கிறவரின் கையை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்ற வைத்த, பிலோமினா அக்காவின் கணவர்தான் அன்று காலமானார்.

யோசேப்பு மரியதாசன் என்ற முழுப்பெயர் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்காது. தாசன் அண்ணை என்றால் தெரியும். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். கிழமை நாட்களில் கார்களுக்கு முன்கண்ணாடி பொருத்துகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் கேரம் டவுன்ஸில் தன் வீட்டுக் கராஜில் உட்கார்ந்து, குடிக்கிற கிளாஸ்களில் பெயரும் பூவும் வெட்டுகிற வேலை. பல் வைத்தியரின் கருவி மாதிரி ஒன்று, அதன் நுனியில் வைரத்தூள் பூசிய ஊசி. தண்ணீர் சொட்டச் சொட்ட வெட்டுவார். கோயிலுக்குப் போகிற சனம் திரும்பும் வழியில் அவருடைய கராஜுக்கும் ஒரு நடை போகும். "சாமியைக் கும்பிட்டிட்டு நேரா வேதக்காரனிட்ட வாறியள்," என்று வந்தவர்களைப் பகிடி பண்ணுவார். இதை வாசிக்கிற உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலும் அவர் கைபட்ட கிளாஸ் ஒன்றாவது இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் அறிமுகம் சண்டையில் தொடங்கியது. அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவருடைய பெயர் வெட்டிய கிளாஸ் ஒன்று செய்விக்கப் போனேன். முதலில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரைக்கும் என் கையையே பார்த்தார். என்ன மனிசன் இது என்று எனக்கு எரிச்சல். பிறகு, "அப்பா எப்பிடித் தங்கச்சி தண்ணி குடிக்கிறவர்?" என்று கேட்டார்.

"எப்பிடிக் குடிக்கிறது? வாயாலதான்," என்றேன்.

"இல்லை, வாய் வைச்சோ, அண்ணாந்தோ?"

அப்பா ஆயுளில் ஒரு பாத்திரத்திலும் வாய் வைத்ததில்லை. செம்பென்றாலும் சரி, போத்தல் என்றாலும் சரி, அண்ணாந்து ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக் குடிப்பார். ஒரு துளி சிந்தாது. அதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு கொப்பியில் எழுதினார்.

விழாவுக்கு முதல் நாள் கிளாஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், வைத்திலிங்கம் என்ற பெயர் தலைகீழாக இருக்கிறது. அழகான எழுத்து, அச்சுப்போல. ஆனால் தலைகீழ். நகரத்தின் மறுகோடியில் உள்ள பொன்ற் குக்கில் இருந்து தங்கச்சி குடும்பம் வந்து வீடு நிறைய ஆட்கள். எல்லாரையும் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். கராஜ் வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தைப் பிலோமினா அக்கா இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தாசன் அண்ணை மட்டும் அசையவில்லை. "நாளைக்கு அப்பா குடிக்கேக்கை முன்னுக்கு நிண்டு பாருங்கோ. பிழையெண்டா வேற ஒண்டு வெட்டித் தாறன்," என்றார்.

அடுத்த நாள் அப்பா சபை நடுவில் அந்தக் கிளாஸைத் தூக்கினார். தலைக்கு மேலே உயர்த்திக் கவிழ்த்தபோது பெயர் நிமிர்ந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் வைத்திலிங்கம் என்று வாசித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அப்பாவுக்கு ஏன் தட்டுகிறார்கள் என்று விளங்கவில்லை. தண்ணீர் குடித்ததற்கு இவ்வளவு மரியாதையா என்று பார்த்தார். நான் அன்று பின்னேரமே ஒரு பெட்டி கேக்குடன் போய் மன்னிப்புக் கேட்டேன். "கையைப் பாக்காமல் கிளாஸ் வெட்டக்கூடாது, தங்கச்சி," என்றார். "உங்கட அப்பாவின்ர கையை உங்கட வாயால பாத்தனான்."

அதன் பிறகு எனக்கு அந்தக் கராஜ் பழகிப்போனது. வேலை முடிந்து வரும் வழியில் பத்து நிமிடம் என்று போய் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருப்பேன். படத்தை ஒரு தாளில் கீறி, தாளைச் சுருட்டிக் கிளாஸுக்குள் விட்டு, வெளியே தெரிகிற கோட்டைப் பிடித்துக்கொண்டே வெட்டுவார். வெட்டியது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத் தாளை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை உள்ளே அடைவார். "கண்ணாடியில அழிரப்பர் இல்லை. அதால தாளில நூறு தரம் அழிக்கவேணும்," என்பார். தாள்களை எறியமாட்டார். பழைய பிஸ்கட் ரின்களில் வாடிக்கையாளரின் பெயர் போட்டு அடுக்கி வைத்திருந்தார்.

செத்தவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதவேண்டும் என்பார்கள். அப்படி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தாசன் அண்ணை சொன்ன நாளுக்கு ஒரு வேலையும் முடித்ததில்லை. ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளையின் வைன் கிளாஸ்கள் வந்து சேர்ந்தபோது கேக் வெட்டி, சாப்பாடும் முடிந்து, மண்டபக்காரர் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். பிடிவாதம் வேறு. சிட்னியில் கெல்லிவில் பக்கமிருந்து ஒரு அம்மா அழைத்து, மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு கிளாஸ் வேண்டும், "சீக்கிரம் பண்ணிக் கொடுத்துடுவீங்களா?" என்று கேட்டார். அன்று நான் பக்கத்தில் இருந்ததால் போனை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். "இருநூறெண்டா லேசர்க்காரரிட்டப் போங்கோ அம்மா, நல்ல வடிவாச் செய்வினம். ரெண்டெண்டா என்னட்ட வாங்கோ. இருநூறு கையை நான் எங்க பாக்கிறது?" என்றார். அந்த அம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு கிளாஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். இவ்வளவு வெட்டின மனிதர் தான் தேத்தண்ணி குடித்தது எதில் தெரியுமா? கழுவிய ஜாம் போத்தலில். ஏன் என்று கேட்டதற்கு, "என்ர கையை நான் பாக்கேலாது தங்கச்சி," என்றார்.

இனி, நான் அவருக்கு ஏன் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும்.

அப்பாவுக்கு எண்பத்தேழு வயதில் கை நடுங்கத் தொடங்கியது. கோப்பையில் சோற்றை ஒருமாதிரிச் சமாளித்தார். தண்ணீரில்தான் தோற்றார். அண்ணாந்தால் மூக்கிலும் சட்டையிலும் ஊற்றியது. வாய் வைத்துக் குடிக்கச் சொன்னால், "எல்லாரும் எச்சில் படுத்தின கிளாஸில நான் வாய் வைக்கிறதோ?" என்று முகத்தைத் திருப்பினார். மூடியும் குழலும் வைத்த பிளாஸ்டிக் கோப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "நான் என்ன பால்குடிப் பிள்ளையே?" என்று அதை ரிவிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். கரண்டியால் பருக்க வந்தால் வாயை இறுக்கி மூடுவார். அரச சேவையில் முப்பது வருடம் நிலம் அளக்கிற சேவையராக மலைகளை அளந்த மனிதர். பிள்ளையிடம் கரண்டியால் தண்ணீர் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. தாகத்தோடு இருப்பது மேல் என்று முடிவெடுத்துவிட்டார் போல.

ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் தடவை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவை ஏசினேன். குடியுங்கோ, குடியுங்கோ என்று கத்தினேன். ஒரு மகள் பேசக்கூடாத சொல்லும் ஒன்று இரண்டு வந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்க் காருக்குள் இருந்து அழுதேன்.

தாசன் அண்ணையிடம் தீர்வு கேட்டுப் போகவில்லை. அழுத கண்ணோடு வேறு எங்கே போவது என்று தெரியாமல்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். "ஐயா மத்தியான நித்திரையால எத்தனை மணிக்கு எழும்புவார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு, அடிப்பாகம் கனத்த கிளாஸ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் அவர் நேரத்துக்கு வந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். அப்பாவின் முன்னால் அந்தக் கிளாஸில் தண்ணீர் வைத்தார். குடியுங்கோ என்று சொல்லவில்லை. சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய பழைய நிலப்படத்தைக் காட்டி, "உந்தச் சுத்துச் சுத்தாப் போற கோடெல்லாம் என்ன ஐயா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதுளைப் பக்கம் தான் முதன்முதல் அளந்த மலை அது என்றார். ஒரே உயரத்திலுள்ள இடங்களை எல்லாம் இணைத்துக் கீறினால் சமவுயரக் கோடு. நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சரிவு. "ஆனால் தம்பி, ஒண்டை மட்டும் மறக்கக்கூடாது. ரெண்டு சமவுயரக் கோடு ஒருக்காலும் ஒண்டையொண்டு வெட்டாது. வெட்டினால் அது மலையில்லை, கீறினவனுக்கு விசர்," என்றார். ஒரு மணித்தியாலம் வகுப்பு நடந்தது. பேச்சின் நடுவில் நாக்கு வறண்டு, அப்பா தன்னை அறியாமல் கிளாஸைத் தூக்கினார். பாதி சட்டையில் ஊற்றியது. தாசன் அண்ணை சட்டையைப் பார்க்கவேயில்லை. விரல்களைத்தான் பார்த்தார். போகும்போது, நிலப்படத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஈரமாகப் பதிந்திருந்த விரல் அடையாளங்களைச் சுற்றி வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டு, கிளாஸைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை தருகிறேன் என்றார். மூன்று கிழமையாயிற்று. நானும் விடாமல் ஏசினேன்.

கொண்டு வந்ததைக் கண்டபோது ஏச்செல்லாம் மறந்துபோனது. அதே கனத்த கிளாஸ்தான். அப்பாவின் விரல்கள் பிடிக்கிற உயரத்தில், சுற்றிவர ஒரு பட்டையாக, அவருடைய பதுளை மலையின் சமவுயரக் கோடுகள். நூல்போன்ற நூறு கோடுகள். தொட்டால் பூனை நாக்குப்போல் சொரசொரத்தது. நடுங்குகிற கை வழுக்காது. அடியில் சிறிதாக வைத்திலிங்கம் என்று பெயர். இந்தத் தடவை பெயர் நிமிர்ந்திருந்ததை நான் கவனித்தேன். அப்பாவும் கவனித்தார்.

"முந்தினது சபைக்கு வெட்டினது ஐயா. இது உங்களுக்கு," என்றார் தாசன் அண்ணை. "இதில உங்கட வாயைத் தவிர வேற வாய் படாது. பிள்ளையள் தொட்டால் எனக்குச் சொல்லுங்கோ."

அப்பா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எண்பத்தேழு வயதில் முதல்முறையாக ஒரு கிளாஸில் உதட்டை வைத்தார். ஒரு மிடறுதான். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன், என் முகத்தை அவர் பார்க்கக்கூடாது என்று.

ஆனால் ஒரு மிடறு போதாதே. அடுத்த நாள் இரண்டு மிடறு. அதற்கு அடுத்த நாளும் இரண்டுதான். எனக்குத் திரும்பவும் பயம் பிடித்தது. அப்போதுதான், நாலாம் நாள் காலை, அப்பா வீடு அதிரக் கூப்பிட்டார். "பிள்ளை! இஞ்ச ஓடி வா! உந்த மனிசன் பிழை விட்டிருக்கிறான்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்திருந்தார். கிளாஸ் நிறையத் தண்ணீர் இருந்தால் அது பூதக்கண்ணாடிபோல் வேலை செய்கிறது. பின்பக்கத்தில் வெட்டியது முன்னுக்குப் பெரிதாகத் தெரியும். பின்பக்கத்தில், மலையின் வடகிழக்குச் சரிவில், இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. மயிரிழைதான். தண்ணீர் இல்லாமல் பார்த்தால் என் கண்ணுக்கே தெரியவில்லை. அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல வருடமாகக் காணவில்லை. உடனே தாசன் அண்ணைக்குப் போன் போடச் சொன்னார். அதிசயமாக அவரும் எடுத்தார்.

"ஐயோ, சேவையர் ஐயாவிட்டத் தப்பேலுமே! மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. வேற ஒண்டு வெட்டித் தரட்டே?"

"வேண்டாம், வேண்டாம்! இது இருக்கட்டும்," என்று அப்பா அவசரமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பிழையைப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் பார்த்தார்கள். மீற்றர் வாசிக்க வந்தவர் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் காட்ட, "பிள்ளை, நிரப்பிக் கொண்டு வா," என்பார். காட்டி முடிந்ததும் கையில் நிறைந்த கிளாஸ் இருக்கும். பேசிக் களைத்த வாய் தானாகக் குடிக்கும். ஆள் வராத நாளில் தனக்குத்தானே நிரப்பச் சொல்லிப் பார்ப்பார், வேறு பிழையும் இருக்கிறதா என்று. தண்ணீர் குறையக் குறையக் கோடு மறையும், திரும்ப நிரப்பவேண்டும். மூன்று வருடமாகிறது. அப்பா தண்ணீருக்காக ஆஸ்பத்திரிப் படி மிதிக்கவில்லை.

தாசன் அண்ணையின் செத்தவீட்டுக்குப் பூ கொண்டு வரவேண்டாம், அவர் வெட்டின கிளாஸைக் கொண்டு வாருங்கள் என்று பிலோமினா அக்கா அறிவித்திருந்தார். பூசைக்குப் பின் மண்டபத்தில் நீள மேசை முழுவதும் கிளாஸ்கள். ஞானஸ்நானக் கிளாஸ், அறுபதாம் கல்யாணக் கிளாஸ், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவருடையது, விளிம்பு உடைந்தும் எறியாமல் வைத்திருந்தது. எல்லாரும் அவரவர் கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கையும் தன் கிளாஸில் தன் இடத்தைப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் என் அப்பா என்ன செய்தார் என்கிறீர்கள்? தன் கிளாஸை நிரப்பிக்கொண்டு, சக்கர நாற்காலியில் ஆளுக்கு ஆள் போய், "அருமையான வேலைக்காரன். ஆனால் இதில ஒரு பிழை விட்டவர், பாருங்கோ," என்று காட்டிக்கொண்டிருந்தார். செத்தவீட்டில்! எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. கடைசியில் பிலோமினா அக்காவிடமே காட்டினார். அக்கா அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், அடக்கமுடியாத சிரிப்பு. "பிள்ளை, எட்டாம் நாள் பூசை முடிஞ்ச பிறகு ஒருக்கா வீட்டை வா," என்று என் காதில் சொன்னார்.

போனபோது ஒரு பிஸ்கட் ரின்னைத் திறந்து சுருட்டிய தாள் ஒன்றைத் தந்தார். பதுளை மலை. கிளாஸுக்குள் விட்டு வெட்டிய அதே படம். அழித்து அழித்துக் கீறிய நூறு கோடுகள், ஒன்றும் ஒன்றோடு முட்டவில்லை. வடகிழக்குச் சரிவில் மட்டும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் அவருடைய கையெழுத்தில்: "இதில ஒண்டு ஐயாவுக்கு."

"அண்டைக்கு வெட்டி முடிச்சிட்டு வந்து சாப்பிடேக்கை சொன்னவர்," என்றார் அக்கா. "'இனி அந்த மனிசன் கிளாஸைக் கீழ வைக்கமாட்டார்' எண்டு. அவ்வளவு காலத்தில அவர் தெரிஞ்சுகொண்டு விட்ட பிழை உது ஒண்டுதான்."

தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு கிழமை ஒளித்து வைத்திருந்தேன். பிழை பிழையில்லை என்று தெரிந்தால் அப்பா என்ன செய்வார்? தன்னைச் சின்னப்பிள்ளைபோல் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் கிளாஸை ரிவிக்குப் பின்னால் வைத்துவிட்டால்? ஆனால் அந்தத் தாள் அவருக்குரியது. அதில் ஐயாவுக்கு என்று எழுதியிருக்கிறது. கடைசியில் ஒரு பின்னேரம் அவர் மடியில் விரித்து வைத்தேன்.

அப்பா பூதக்கண்ணாடி கேட்டார். ஒவ்வொரு கோடாக, விரல் நடுங்க நடுங்க, அடிவாரத்திலிருந்து உச்சிவரை போனார். வடகிழக்குச் சரிவில் வட்டத்துக்கு வந்தபோது விரல் நின்றது. அதை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

"கள்ளன்," என்றார். கண் கலங்கியிருந்தது; வாய் சிரித்தது. "என்னையே அளந்து போட்டான், பாத்தியே?" கிளாஸை என் பக்கம் நீட்டினார். "நிரப்பிக் கொண்டு வா பிள்ளை. இன்னொருக்காப் பாப்பம்."

அந்தக் கிளாஸும் தாளும் அப்பாவுடையவை. கையைப் பார்க்கிற பழக்கம் என்னோடு இருக்கிறது. தலைகீழாகப் பெயர் வெட்டிய பழைய கிளாஸும் என்னிடம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டு, பெயரைப் பிழையாக வெட்டிவிட்டார்களே என்பார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. தண்ணீர் ஊற்றி, அவர்கள் முன்னால் அண்ணாந்து குடித்துக் காட்டுகிறேன். சட்டை கொஞ்சம் நனைகிறது. அப்பாவின் கைப்பழக்கம் எனக்கு வரவில்லை. ஆனால் முன்னால் நிற்கிறவர் பெயரைச் சரியாக வாசித்துவிடுகிறார்.